நிகழ்வு ஆய்வு: மூன்று ஆண்டுகள் பொறித்த ஒரு ராணுவ ஜெனரேட்டர்

## பின்னணி

பழைய இயந்திரங்களைச் சேர்த்துவந்த ஒருவர் காலமானபின், அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதியைக் குடும்பத்தார் சிறிய தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அதில் குழாய்ச் சட்டத்துக்குள் அடங்கிய ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. கைப்பிடியில் நூலால் கட்டிய அட்டையில் ‘இரண்டாம் உலகப் போர் ஜெனரேட்டர்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. ரசீதோ கையேடோ கூட வரவில்லை. மேலே நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது அங்கங்கே உரிந்து அடியில் பச்சை தெரிந்தது.

பட்டறையில் நாங்கள் நான்கு பேர்: மின் பராமரிப்பில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற மூத்தவர், இஞ்சின் மெக்கானிக் ஒருவர், வரும் பொருள்களைப் பதிவுசெய்யும் இளம்பெண், அப்புறம் இதை எழுதும் நான். அருங்காட்சியகப் பொறுப்பாளர் எங்களிடம் கேட்டது இரண்டு. இது என்ன பொருள் என்று உறுதிசெய்து விளக்கப் பலகைக்கு வாசகம் தர வேண்டும். முடிந்தால் பொதுமக்கள் வரும் நாள்களில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இடையில் வந்த ஒரு இஞ்சின் பரிமாற்றப் பேச்சுதான் இதைப் பதிவுசெய்யக் காரணம். அதற்கு அன்றே சரி சொல்லியிருந்தால், இந்த இயந்திரம் தன்மேல் சுமந்திருந்த சான்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

## முதலில் கண்டவை

இஞ்சின் காற்றால் குளிரும் வகை. இடம் இரண்டு, வலம் இரண்டு என்று படுத்த நிலையில் நான்கு சிலிண்டர்கள். முன்புறம் விசிறியும் அதை மூடிய தகரக் கூடும். பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும் நான்கு வயர்களும் உலோகப் பின்னலுக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் முனையும் பிளக்கின்மேல் நட்டுப் போட்டு முறுக்கியிருந்தது. சாதாரண வீட்டு ஜெனரேட்டரில் இப்படி இருக்காது.

தகடுகள் மூன்று கிடைத்தன. சட்டத்தில் இருந்த பெரிய தகட்டில் 3 கிலோவாட், 60 ஹெர்ட்ஸ், தயாரிப்பு ஆண்டு 1967 என்று இருந்தது. விசிறிக் கூட்டில் இருந்த இஞ்சின் தகட்டில் 4ஏ032 என்ற வகை எண்ணும், வேறொரு தயாரிப்பாளர் பெயரும், 1970 என்ற ஆண்டும். நீலப் பெயின்ட்டுக்கு அடியில் மூடியிருந்த சிறிய அலுமினியத் தகட்டை இளம்பெண்தான் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்தார். ஓவர்ஹால் செய்த மாதமும் ஆண்டும் அதில் குத்தியிருந்தன. ஆண்டு 1974.

ஆக, அட்டையில் இருந்த வாசகம் அன்றைக்கே விழுந்துவிட்டது. உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு செய்த பொருள் இது. குடும்பத்தார்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. பச்சை நிறத்தில் கனமாக இருக்கும் எதையும் அந்தப் போரோடு சேர்த்துச் சொல்வது சேகரிப்பாளர்களிடையே சாதாரணம்.

## எழுந்த கேள்வி

மூத்தவரின் கருத்து தெளிவாக இருந்தது. செட் (அதாவது முழு ஜெனரேட்டர்) 1967, அதற்குள் இருக்கும் இஞ்சின் 1970, இரண்டும் வேறு வேறு கம்பெனி. ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட பிறகு, ஏலத்தில் எடுத்த யாரோ ஓடாத இஞ்சினைக் கழற்றிப்போட்டுக் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். எனவே ‘அசல்’ இஞ்சினைத் தேடிப் பொருத்தி, பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, ராணுவப் பச்சை அடிக்க வேண்டும் என்றார்.

இந்தச் சமயத்தில்தான் பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவர், செட் தகட்டில் உள்ள அதே தயாரிப்பாளரின் 4ஏ032 இஞ்சின் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். எங்கள் இஞ்சினைக் கொடுத்தால் அதைத் தருவதாகவும் காசு எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். கேட்க நல்ல பேரமாகத்தான் இருந்தது.

மூத்தவரின் ஊகத்துக்கு வரலாற்றிலேயே வலுவான ஆதாரம் உண்டு. ராணுவ ஜெனரேட்டர்களிலிருந்து இஞ்சின் பிரிந்துபோன கதைகளில் இரண்டு உலகப் புகழ்பெற்றவை. 1946-இல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சோய்சிரோ ஹோண்டாவின் கைக்கு, முன்னாள் ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறிய 50 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்கள் வந்தன. மிக்குனி செய்த அந்த இஞ்சின்கள் சுமார் 500. அவற்றைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். முதல் மாதிரியில் பெட்ரோல் டேங்குக்குப் பதில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவையே உட்கார்ந்திருந்தது. இருப்பு தீர்ந்ததும் 1947-இல் சொந்தமாக ஏ-வகை இஞ்சினைச் செய்தார். ஹோண்டா என்ற நிறுவனத்தின் வேர் அந்த ஜெனரேட்டர்களில் இருக்கிறது.

அதே 1946-இல் பிரிட்டனுக்கு அருகே உள்ள மேன் தீவில் எர்னி லயன்ஸ் ஒரு டிரையம்ஃப் பைக்கில் சீனியர் மான்க்ஸ் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றார். அந்த பைக்கில் இருந்த அலுமினிய சிலிண்டரும் ஹெட்டும், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக டிரையம்ஃப் செய்த விமான ஜெனரேட்டர் இஞ்சினிலிருந்து வந்தவை. ஜெனரேட்டரில் காற்றுக்கூட்டைத் திருகி வைக்க விட்டிருந்த புடைப்புகள் பைக் சிலிண்டரின் பக்கத்தில் அப்படியே தங்கிவிட்டன. பின்னால் வந்த கிராண்ட் பிரீ, டிஆர்5 டிராஃபி பைக்குகளிலும் அந்த சிலிண்டரின் சதுரமான குளிர்விப்புத் துடுப்புகளைப் பார்க்கலாம்.

ஆகவே, போருக்குப் பிறகு இஞ்சின் ஒரு வழியும் டைனமோ ஒரு வழியும் போவது நடந்த விஷயம்தான். ஆனால் எங்கள் செட்டுக்கும் அதுவே நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியுமா? பரிமாற்றம் செய்தால் திரும்பப் பெற முடியாது. வகை எண்ணின் வரலாற்றையும் பெயின்ட் அடுக்குகளையும் பார்த்து முடிக்கும்வரை ஒரு போல்ட்டையும் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தோம். விற்பனையாளரிடம் அவகாசம் கேட்டோம்.

## 4ஏ032 எங்கிருந்து வந்தது

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் பயன்படுத்திய சிறிய ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை சந்தையில் ஏற்கெனவே இருந்த இஞ்சின்களைக் கொண்டவை. பண்ணைக்கும் படகுக்கும் தோட்டத்துக்கும் செய்தவையே சீருடை போட்டுப் போருக்குப் போயின. அமெரிக்க சிக்னல் படையின் 2.5 கிலோவாட் பிஇ-75 செட்டில் இருந்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் ஒற்றை சிலிண்டர் இஞ்சின். எஸ்சிஆர்-299 நடமாடும் வானொலி நிலையத்துக்கு 10 கிலோவாட் தந்த பிஇ-95 செட்டில் இருந்தது ஜீப்புக்குச் செய்த வில்லிஸ் இஞ்சின்; அது வண்டிக்குப் பின்னால் தனி டிரெய்லரில் வரும். பிரிட்டிஷ் படை வயர்லெஸ் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிய ‘சோர் ஹார்ஸ்’ செட்டில் ஜான்சன் நிறுவனத்தின் ‘அயர்ன் ஹார்ஸ்’ இஞ்சின். குண்டுவீச்சு விமானங்களுக்குள்ளேயே ‘பட்-பட்’ என்று செல்லப் பெயர் பெற்ற சிறிய ஜெனரேட்டர்கள் இருந்தன.

இத்தனை வகை என்றால் இத்தனை வகை பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பாயின்ட். முன்னணியில் நிற்கும் பட்டறைக்கு இது தீராத தலைவலி. ஒரே முகாமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு செட்டுகளுக்குள் ஒரு வால்வைக்கூட மாற்றிப் போட முடியாது.

இதற்கு விடையாகத்தான் அமெரிக்க ராணுவம் தனக்கென்றே ஒரு இஞ்சின் குடும்பத்தை வகுத்தது. மிலிட்டரி ஸ்டாண்டர்ட் இஞ்சின் என்று பெயர். வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வோயரில் இருந்த ராணுவப் பொறியாளர் ஆய்வகம் இதில் முக்கியப் பங்கு வகித்தது. வகை எண்ணைப் படித்தாலே இஞ்சின் புரிந்துவிடும்: முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை, ‘ஏ’ என்றால் காற்றுக் குளிர்விப்பு, மீதி இஞ்சினின் கொள்ளளவு கன அங்குலத்தில். 1ஏ08 ஒன்றரைக் குதிரைத்திறன், 2ஏ016 மூன்று, 4ஏ032 ஆறு, 2ஏ042 பத்து, 4ஏ084 இருபது.

இந்த எண்களைக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். 16-ஐ 2-ஆல் வகுத்தாலும் 32-ஐ 4-ஆல் வகுத்தாலும் சிலிண்டருக்கு 8 கன அங்குலம், ஏறக்குறைய 131 சிசி. 42-ஐ 2-ஆலும் 84-ஐ 4-ஆலும் வகுத்தால் இரண்டிலும் 21. மொத்தத்தில் இரண்டே இரண்டு சிலிண்டர் அளவுகள். 2ஏ016-இன் பிஸ்டன் 4ஏ032-க்கும் ஆகும். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டபோது எங்கள் மெக்கானிக் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். வாழ்நாள் முழுக்க உதிரிபாகத்துக்கு அலைந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் கேள்விக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறொன்று. வரைபடம் ராணுவத்துடையது, அதைப் பார்த்துச் செய்து கொடுத்த கம்பெனிகள் பல. செட்டை ஒரு கம்பெனி செய்யும், இஞ்சினை வேறொன்று செய்யும். ஒரு கம்பெனியின் 4ஏ032-ஐ எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனியின் 4ஏ032-ஐ வைத்தால் அதே துளைகளில் அதே போல்ட் உட்கார வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். எனவே இரண்டு தகட்டில் இரண்டு பெயர் இருப்பது தன்னளவில் எதையும் நிரூபிக்காது. திட்டம் வேலை செய்ததற்கே அது அடையாளமாக இருக்கலாம்.

## பெயின்ட் சொன்னது

பெயர்கள் கைவிட்ட பிறகு மீதியிருந்தது ஆண்டு. 1967 செட்டுக்குள் 1970 இஞ்சின் எப்போது வந்தது, ராணுவத்திலா வெளியிலா?

இளம்பெண் சட்டத்தில் ஓரிடம், விசிறிக் கூட்டில் ஓரிடம், இஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டின் தலை என்று மூன்று புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஈரமான நுண்ணிய எமரித் தாளால் படிப்படியாகத் தேய்த்தார். அக்காலப் பெயின்ட்டில் ஈயமும் பிரைமரில் குரோமேட்டும் இருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்ந்த தேய்ப்பு கூடாது என்று முன்பே பேசியிருந்தோம். முகமூடியும் கையுறையும் போட்டுத்தான் வேலை நடந்தது.

சட்டத்தில் அடுக்குகள் மரத்தின் வளையங்கள்போல ஒன்றையொன்று சூழ்ந்து தெரிந்தன: வெளியே நீலம், அதற்குள் அடர்ந்த காட்டுப் பச்சை, அதற்குள் பழுப்பு கலந்த ஆலிவ் பச்சை, பிறகு பிரைமர், நடுவில் உலோகம். விசிறிக் கூட்டில் நீலம், காட்டுப் பச்சை, பிரைமர் மட்டுமே, ஆலிவ் இல்லை. போல்ட் தலையிலும் காட்டுப் பச்சை இருந்தது. அது போல்ட்டிலிருந்து இடைவெளி இல்லாமல் சட்டத்துக்கு வழிந்து, இரண்டுக்கும் நடுவே இருந்த இடுக்கை மூடியிருந்தது. நீலம் அதன்மேல்தான் இருந்தது.

அமெரிக்க ராணுவம் 1970-களில்தான் ஆலிவிலிருந்து நான்கு நிற மறைவண்ணத் திட்டத்துக்கு மாறியது. காட்டுப் பச்சை அதில் ஒரு நிறம். அந்தத் திட்டத்தை வகுத்ததும் ஃபோர்ட் பெல்வோயர் ஆய்வகத்தின் வழியில் வந்த அமைப்பே. 1974 ஓவர்ஹால் தகட்டோடு இது பொருந்துகிறது.

முடிவு எளிதாகக் கிடைத்துவிட்டது. செட் ஆலிவ் நிறத்தில் பிறந்தது. அந்த ஆலிவ் பூச்சைப் பார்க்காத ஒரு இஞ்சின் பிறகு உள்ளே வந்தது. அது வந்த பின்னால் மொத்தத்துக்கும் காட்டுப் பச்சை அடித்தார்கள். அதன்பின் அந்த போல்ட்டை யாரும் திருகவில்லை. திருகியிருந்தால் இடுக்கில் இருந்த பெயின்ட் வெடித்திருக்கும். ராணுவப் பட்டறை தன் கையால் மாற்றிய இஞ்சின் இது. சேகரிப்பாளர் செய்தது நீலப் பெயின்ட் மட்டும்.

மூத்தவர் உருப்பெருக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “சரி, அப்ப இதுதான் அசல்” என்றார். பரிமாற்றம் வேண்டாம் என்று விற்பனையாளருக்கு அன்றே தெரிவித்தோம்.

## ஓட்டுவதா வேண்டாமா

இனிமேல் அந்த போல்ட்டுகளைக் கழற்றுவதில்லை என்பது முதல் விதி. இஞ்சினைச் சட்டத்திலிருந்து எடுக்காமல் செய்ய முடிந்த வேலைகளை மட்டும் செய்தோம்.

சைலன்சரைச் சுற்றியிருந்த துணியை அஸ்பெஸ்டாஸ் என்று கருதியே தொடாமல் வைத்திருந்தோம். நனைத்து எடுத்த சிறு துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் அது உறுதியானது. அதற்குரிய உரிமம் பெற்றவர்கள் வந்து நீக்கினார்கள்.

சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கையால் சுற்றியபோது இஞ்சின் சுலபமாகத் திரும்பியது. மூன்றில் கம்ப்ரஷன் நன்றாக இருந்தது, ஒன்றில் குறைவு. அதன் எக்ஸாஸ்ட் வால்வு, கெட்டுப்போன பெட்ரோலின் பிசினால் பாதி திறந்த நிலையில் ஒட்டியிருந்தது. கரைப்பான் விட்டு மெல்ல விடுவித்த பிறகும் வால்வு கைடில் (வால்வின் தண்டு ஏறியிறங்கும் குழலில்) ஆட்டம் மிஞ்சியது. மேக்னெட்டோவில் பொறி மஞ்சளாக, நலிந்து வந்தது, கண்டன்சர் கசிந்திருந்தது. பழையதைக் குறிப்போடு பையில் போட்டுவைத்து, அதன் இடத்தில் புதியதைப் பொருத்தியதும் பொறி நீலமாக வெடித்தது.

மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில், இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தபோது இன்சுலேஷன் ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை. மூத்தவர் அவசரப்படவில்லை. குறைந்த வாட் பல்புகளை அருகில் எரியவிட்டு ஈரத்தை மெல்ல வெளியேற்றினார். அளவு நாளுக்கு நாள் ஏறி, பாதுகாப்பான எல்லையைத் தாண்டி நிலைத்தது.

பெட்ரோல் டேங்க் விஷயத்தில் மட்டும் சற்று வாதம் நடந்தது. உள்ளே துருவும் பழைய படிவும் இருந்தன. அமிலம் விட்டுக் கழுவி உட்பூச்சு அடிப்பது வழக்கமான முறை. ஆனால் இந்த செட்டுகளில் வெளியே வைத்த கேனிலிருந்து நேராகப் பெட்ரோலை உறிஞ்ச ஒரு துணைக் குழாயும் மாற்று வால்வும் உண்டு. களத்தில் டேங்க்கை நிரப்ப இஞ்சினை நிறுத்தாமல் இருக்க வைத்த வசதி அது. அதையே பயன்படுத்தினோம். பம்ப் டயஃப்ரமையும் ரப்பர் குழாய்களையும் மாற்றி, எத்தனால் கலக்காத பெட்ரோலைக் கேனில் வைத்தோம். டேங்க் கைபடாமல் இருக்கிறது.

திறந்தவெளியில், ஆள் நிற்கும் பக்கத்துக்கு எதிரே புகை போகும்படி வைத்து ஓட்டினோம். முதலில் சுமை இல்லாமல், பிறகு ஹீட்டர் சுமையோடு. 3600 சுற்றில் 60 ஹெர்ட்ஸ் வர வேண்டும். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கைச் சற்றுத் திருத்தியதும் சுமையிலும் முள் 60-ஐ விட்டு அதிகம் நகரவில்லை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது மூத்தவர் பக்கத்தில் ஒரு பழைய மீடியம் வேவ் ரேடியோவை வைத்தார். பேச்சு தெளிவாகக் கேட்டது. இஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரின் பின்னல் நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டினார். ரேடியோவில் படபடவென்று வெடிப்புச் சத்தம் பேச்சை மூழ்கடித்தது. ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றும் ஒரு சிறிய வானொலி அலைபரப்பி. வயர்லெஸ் வண்டிக்கு மின்சாரம் தரும் இஞ்சினே அந்த வயர்லெஸ்ஸைச் செவிடாக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பின்னலும் நட்டும். பின்னல் நைந்திருப்பதால் சாதாரண வயராக மாற்றிவிடலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அதன்பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

## விளைவு

எக்ஸாஸ்ட் வால்வின் கைட் தேய்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய சிலிண்டர் ஹெட்டையும் விசிறிக் கூட்டையும் கழற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பெயின்ட் சான்று உடையும். கைடை விட்டுவிட்டு அடிக்கடி ஓட்டினால் வால்வு கருகும். எனவே பொதுமக்கள் முன் ஓட்டுவதில்லை என்று முடிவானது. பொறுப்பாளருக்கு ஏமாற்றம்தான். சோதனை ஓட்டத்தையும் ரேடியோ சோதனையையும் பதிவு செய்திருந்தோம்; காட்சியில் இப்போது அந்தப் பதிவுதான் ஓடுகிறது.

நீலப் பெயின்ட்டை நீக்கவில்லை. அது சேகரிப்பாளர் கையால் அடித்தது, அதுவும் இந்தப் பொருளின் வாழ்க்கை. பெயின்ட் அடுக்குகளைத் தேய்த்துப் பார்த்த மூன்று சிறு ஜன்னல்களும் மெல்லிய வார்னிஷ் பூசித் திறந்தே வைக்கப்பட்டுள்ளன.

விளக்கப் பலகையில் மூன்று ஆண்டுகளும் வருகின்றன. இத்தகைய பெட்ரோல் செட்டுகள் ஏன் மறைந்தன என்ற வரியும் சேர்ந்தது: போர்க்களத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எரிபொருள் என்ற கொள்கையை 1988-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏற்றது. டீசல் இஞ்சினில் எரியக்கூடிய ஜெட் எரிபொருளே அது. பெட்ரோலுக்கென்று தனி வண்டி, தனி கேன், தனிக் கிடங்கு வேண்டாம் என்றானதும், மிலிட்டரி ஸ்டாண்டர்ட் இஞ்சின்களின் இடத்தை டீசல் செட்டுகள் பிடித்தன.

## மாற்றிய நடைமுறை

ராணுவ இஞ்சின் எது வந்தாலும் முதல் நாளில் எல்லாத் தகடுகளையும், பெயின்ட்டுக்கு அடியில் இருக்கக்கூடியவை உட்பட, தேடிப் படமெடுத்த பிறகே பட்டறைக்குள் போகும். செட், இஞ்சின், ஓவர்ஹால் ஆண்டுகள் தனித் தனிக் கட்டங்களில் பதிவாகும். பிணைப்பு போல்ட்டுகளின் பெயின்ட் நிலையை எழுதாமல் ஸ்பேனர் வைக்கக் கூடாது. உதிரிபாகப் பரிமாற்றம் எதுவானாலும் பதிவு முடிந்த பிறகே பேச்சு.

அஸ்பெஸ்டாஸ் சோதனையும் இன்னும் முன்னால் வந்திருக்கிறது. இங்கே இஞ்சின் பலமுறை இடம் மாறிய பிறகே துணுக்கு ஆய்வகத்துக்குப் போனது; இனி வாசலிலேயே எடுக்கப்படும்.

எங்கள் செட்டின் முதல் இஞ்சின் என்ன ஆனது, எந்தப் பட்டறையில் மாற்றினார்கள் என்பது ஓவர்ஹால் தகட்டிலிருந்து தெரியவரவில்லை. பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது. மெக்கானிக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டு, இஞ்சினைக் கையால் சுற்றிவைக்கிறார்.